கலைத்திட்டம், பாடத்திட்டம், போர்ஷன்: மூணும் ஒண்ணா?

#1 பிஎட்_படும்பாடு

வணக்கம். பி.எட். முதல் வருஷம் படிக்கிறேன். 'அறிவும் கலைத்திட்டமும்'னு ஒரு தாள் இருக்கு. வெள்ளிக்கிழமை இன்டர்னல். மேடம் போர்டுல 'கரிகுலம், லத்தீன், ஓடுதல்'னு மூணு வார்த்தை எழுதினாங்க. மணி அடிச்சிருச்சு. மறுநாள் அடுத்த யூனிட்டுக்குப் போயிட்டாங்க.

ஓடுறதுக்கும் படிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், பாடத்திட்டம்னு நல்ல சொல் இருக்கும்போது எதுக்குக் கலைத்திட்டம்? என் நோட்டு அட்டையைப் பார்த்துட்டு எங்கப்பா, "என்னம்மா, ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பழக்குறதுக்கெல்லாம் பாடமா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல. கைடுல இருக்கிற வரையறை என்கிட்டயும் இருக்கு, அது வேண்டாம். புரியிற மாதிரி யாராவது சொல்லுங்க.

#2 டீக்கடை_பெஞ்சு

பாடத்திட்டம்னா சிலபஸ். கலைத்திட்டம்னா அதே சிலபஸ், கோட்டு சூட்டு போட்டது. அஞ்சு மார்க் எடுத்துக்கோங்க.

#3 லத்தீன்காரன்

பெஞ்சு சொன்னதை எழுதிடாதீங்க தங்கச்சி. அஞ்சுக்கு ஒண்ணரைதான் வரும்.

நான் குருமடத்துல நாலு வருஷம் இருந்தவன். சாமியாராகல, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆயிட்டேன். லத்தீன் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது. இப்படி ஏதாவது இழை வந்தாத்தான் அதுக்கு வேலை.

'குர்ரெரே'ன்னா ஓடுறது. அதுலேருந்து வந்தது 'குர்ரிகுலும்'. ஓட்டம், ஒரு சுற்று, ஓடுற தடம், பந்தயத் தேர்னு எல்லாத்துக்கும் அந்தச் சொல் உண்டு. ரோமாபுரியில சர்க்குஸ் மாக்சிமுஸ்னு தேர்ப்பந்தய மைதானம் இருந்துச்சு. நடுவுல நீளமா ஒரு சுவர், ரெண்டு முனையிலயும் திரும்புறதுக்குத் தூண்கள். தேர்கள் அதை ஏழு தடவை சுத்தணும். தூசியில எத்தனாவது சுற்றுன்னு யாருக்குத் தெரியும்? அதனால சுவர் மேல பெரிய பெரிய முட்டை வடிவங்களும் டால்பின் உருவங்களும் வெச்சிருந்தாங்க. ஒரு சுற்று முடிஞ்சா ஒண்ணை இறக்குவாங்க, இல்ல திருப்புவாங்க. கூட்டம் அதைப் பார்த்துத்தான் கத்தும்.

இது எல்லைக்கோடு தெரியாம காட்டுல ஓடுற ஓட்டம் இல்ல. தடம் ஏற்கெனவே போட்டாச்சு. தூரம் முடிவு பண்ணியாச்சு. எங்க முடியுதுன்னு ஓடுறவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். எண்ணுறதுக்கு மேல முட்டை இருக்கு. இந்த மூணும் சேர்ந்ததுதான் அந்தச் சொல்லோட உள்ளுயிர்.

ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ இதை வாழ்க்கைக்குப் பயன்படுத்தினார், மனுஷ ஆயுசுங்கிற குட்டி ஓட்டம்னு. வேலைக்குப் போகும்போது நாம கொடுக்கிற சி.வி. ('குர்ரிகுலும் விட்டே', வாழ்க்கை ஓட்டம்) அதோட எச்சம்தான். ஆனா ரோமாபுரியில எந்த வாத்தியாரும் 'எங்க பள்ளிக்கூடத்துக் குர்ரிகுலும்'னு சொன்னதில்ல. கல்விக்கு அந்தச் சொல் வர கிட்டத்தட்ட 1,600 வருஷம் ஆச்சு.

பாரிஸ்ல ராமுஸ்னு ஒரு பேராசிரியர். எந்தப் பாடத்தையும் ரெண்டு ரெண்டாக் கிளை பிரிச்சு அட்டவணையாப் போட்டுடுவார். தர்க்கம், இலக்கணம், கணக்கு எல்லாமே ஒரே பக்கத்துல மரம் மாதிரி விரியும். கடைசி நுனி வரைக்கும் போயிட்டா பாடம் முடிஞ்சது. அவர் புராட்டஸ்டன்ட். 1572ல பாரிஸ்ல நடந்த பர்த்தலமேயு படுகொலையில கொன்னுட்டாங்க. 1576ல பாசல் நகரத்துல அவரோட பாடங்கள் ஒரு தொகுதியா அச்சாச்சு. கல்வி அர்த்தத்துல குர்ரிகுலும் தலைகாட்டுறது அங்கதான்னு வரலாறு தேடுறவங்க காட்டுறாங்க. அப்புறம் 1582ல நெதர்லாந்துல லைடன் பல்கலைக்கழகம், 1633ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பல்கலைக்கழகம். ரெண்டும் கால்வின் வழி புராட்டஸ்டன்ட் ஊர்கள். ஒழுங்கு, வரிசை, கணக்குன்னா உயிரை விடுற ஆளுங்க. டேவிட் ஹாமில்டன்ங்கிற கல்வி வரலாற்றாசிரியர் இந்தத் தடத்தைத் தோண்டி எடுத்து எழுதினார்.

கிளாஸ்கோவுல அந்தச் சொல் எங்க வருது தெரியுமா? ஒரு தத்துவ நூல்ல வரல, கல்வியோட நோக்கம் என்னன்னு விளக்குற இடத்துல வரல. பட்டம் வாங்குறவனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் வாசகத்துல வருது. இன்னார் இந்த ஓட்டத்தை ஓடி முடிச்சார், அவ்வளவுதான். பிறக்கும்போதே கையில டி.சி.யோட பிறந்த சொல் அது.

#4 டீக்கடை_பெஞ்சு

அப்ப சிலபஸ்? அதுவும் லத்தீனா?

#5 லத்தீன்காரன்

அது அச்சுப்பிழை. நெசமாத்தான்.

சுருள் புத்தகத்துல தொங்கவிடுற தோல் சீட்டுக்குக் கிரேக்கத்துல 'சித்திபா'ன்னு பேர். ஓலைச்சுவடியில பேர் எழுதிக் கட்டுற சீட்டு மாதிரி. சிசரோ ஒரு கடிதத்துல அதைச் சொல்லியிருந்தார். 15ஆம் நூற்றாண்டுல அந்தக் கடிதங்களை அச்சடிச்சவங்க எழுத்தைத் தப்பாப் படிச்சு 'சில்லபோஸ்'னு போட்டுட்டாங்க. இல்லாத சொல்லுக்குப் பின்னால ஒரு அர்த்தமும் கண்டுபிடிச்சாச்சு. நாம இன்னைக்கும் அதை முடிக்க ஓடிக்கிட்டிருக்கோம்.

#6 வடமராட்சியான்

பிள்ளை, தகப்பனிட்டை இப்பிடிக் கேளுங்கோ: "அப்பா, பல்கலைக்கழகத்தில என்ன பல டான்ஸே பழக்கினம்?"

கலை எண்டால் ஆடலும் பாடலும் மட்டும் எண்டது பிறகு வந்த சுருக்கம். கலைச்சொல், கலைக்களஞ்சியம், கலைமகள் எண்டு பாருங்கோ. கல்வித்துறை முழுக்கவும் கலைதான். அந்தப் பழைய அர்த்தத்திலதான் கலைத்திட்டம். இலங்கையில இது ஆசிரியர் கலாசாலையில இருந்து மகரகமையில இருக்கிற தேசிய கல்வி நிறுவகம் மட்டும் அன்றாடம் புழங்கிற சொல். ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. பாடவிதானம் எண்டும் ஒரு சொல் இருக்கு. விளையாட்டு, சாரணியம், மன்றம் எல்லாத்துக்கும் 'இணைப்பாடவிதானச் செயற்பாடு' எண்டுதான் அறிக்கைப் புத்தகத்தில எழுதுவம்.

வித்தியாசம் கேட்டனீங்கள். நான் 34 வருசம் கணிதம் படிப்பிச்சனான். என்ரை மேசையில மூண்டு புத்தகம் கிடக்கும்: பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, பாடநூல். இந்த மூண்டும் கலைத்திட்டம் இல்லை. சுவரில ஒரு நேரசூசி ஒட்டியிருக்கும். அதைப் பாருங்கோ. கணிதத்துக்குக் கிழமைக்கு எத்தினை பாடவேளை, சித்திரத்துக்கு எத்தினை? ஏன் கணிதம் எப்பவும் காலமை, சித்திரம் வெயில் ஏறின பிறகு? ஆறாம் வகுப்பில ஏன் அட்சரகணிதம் (அல்ஜிப்ரா) தொடங்க வேணும்? சோதினை எழுத்திலயோ, செய்முறையிலயோ? ஒண்டைக் கூட்டினால் எதைக் குறைக்கிறது? இந்தத் தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் கலைத்திட்டம். பாடத்திட்டம் அதுக்குள்ள ஒரு பாடத்தின்ரை உள்ளடக்கப் பட்டியல். நேரசூசியில ஒரு கட்டத்துக்கு ரெண்டு பாடம் எழுதேலாது, அதாலதான் சண்டை.

#7 பொதிகைச்சாரல்

லத்தீன்காரரே, அந்தச் சான்றிதழ் சமாச்சாரத்தைப் படிச்சதும் எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்து எழுதுறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில சமூக அறிவியல் எடுக்கேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல கலைத்திட்டம்னு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. பாடத்திட்டம்னு சொல்றதும் மீட்டிங்குலதான். நாங்க புழங்குற சொல் ஒண்ணே ஒண்ணு: போர்ஷன். "போர்ஷன் முடிச்சாச்சா?" "காலாண்டு போர்ஷன் எதுவரை?" "ஜனவரிக்குள்ள முடிச்சாத்தான் மூணு ரிவிஷன் வைக்கலாம்." ஆய்வுக்கு வர்றவங்க பாடக்குறிப்பேட்டையும் புத்தகத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. எத்தனாவது பக்கம்னுதான் பார்வை போகும். முட்டை எண்ணுறதுதான் அது. இத்தனை நாளா போர்ஷன்ங்கிறதை நாங்க கண்டுபிடிச்ச கொச்சைன்னு நினைச்சேன். பார்த்தா, மூலச் சொல்லுக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறது அதுதான்.

ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு. டிசம்பர், மூணு பாடம் பாக்கி. ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், எங்க ஊர்க் குளத்து மடையில ஒரு கல்லு இருக்கு. துணி துவைக்கிற கல்லுதான். அதுல சுழிசுழியா எழுதியிருக்கு. அது தமிழா சார்?"ன்னு கேட்டா. பாண்டிய நாட்டுல தமிழை எழுத வட்டெழுத்துன்னு ஒரு பழைய எழுத்து புழங்கினது எனக்குத் தெரியும். அதுவா இருக்கலாம்னு அந்த நொடியே தோணுச்சு. நான் சொன்னது: "அது போர்ஷன்ல இல்லம்மா, உட்காரு." உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் வருஷம் முழுக்க அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "சார், இது வருமா?"

#8 சங்கப்பலகை

இதுக்கெல்லாம் ரோமாபுரிக்கும் பாரிசுக்கும் போக வேண்டியதே இல்லை. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் பொதுப்பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியன் யார், எப்படிச் சொல்லித் தர வேண்டும், மாணவன் யார், எப்படிக் கேட்க வேண்டும் என ஐந்து பகுதி. ஒரு முறைக்கு இரு முறை கேட்டால் பிழை போகும், மூன்று முறை கேட்டால் வரிசையாகச் சொல்ல வரும் என்கிறார் பவணந்தி. ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கினாலும் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் மிச்ச அரை. அமெரிக்கக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததாகச் சொல்வதெல்லாம் இங்கே சூத்திரமாக இருக்கிறது.

#9 லத்தீன்காரன்

அந்தக் கால், கால், அரை கணக்கு அருமை. ஆனா அண்ணே, பவணந்தி படிக்கிற முறையைச் சொல்றார். எத்தனை வருஷம், எந்த வரிசையில எந்த நூல், எங்க நிறுத்தணும்னு சொல்லல. குர்ரிகுலும்ங்கிற சொல்லுக்கு அந்த நிறுத்தம்தான் உயிர். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல வரிசை இருந்துச்சு: மணல்ல 'அரி நமோத்து சிந்தம்' எழுதி, அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன். ஆனா வகுப்பு கிடையாது. ஒவ்வொருத்தனும் அவனவன் வேகத்துல போவான். அப்பா வயலுக்குக் கூப்பிட்டா அன்னைக்கு முடிஞ்சது படிப்பு. முடிச்சான்னு எழுதிக் கொடுக்க யாரும் இல்ல.

#10 வடமராட்சியான்

இரண்டு பேரும் சொல்லுறதுக்கு நடுவில ஒரு சம்பவம் கிடக்கு. உ.வே.சாமிநாதையர் என் சரித்திரத்தில எழுதினது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனால் கலைத்திட்டக் கண்ணால ஒருக்கால் பாருங்கோ.

1880. ஐயர் கும்பகோணம் கல்லூரியில தமிழ்ப் பண்டிதர். சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீப்பா வந்திருக்கிறார். ஐயர் போய்ச் சந்திக்கிறார். முதலியார் ஆரிட்டைப் பாடம் கேட்டனீங்கள் எண்டு கேக்கிறார். இந்தக் கேள்வியைக் கவனியுங்கோ. எங்கட மரபில 'என்ன படிப்பு முடிச்சனீங்கள்' எண்ட கேள்வி இல்லை, 'ஆரிட்டைப் பாடம் கேட்டனீங்கள்' எண்டதுதான் கேள்வி. மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ட பேரைச் சொன்னால் தமிழ் தெரிஞ்ச ஆரும் எழும்பி நிப்பினம். முதலியார் அசையேல்லை. என்னென்ன நூல் எண்டு கேக்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எண்டு அடுக்குறார். மனுசன் அதுக்கும் அசையேல்லை. பிறகுதான் சிந்தாமணி படிச்சனீங்களோ, மணிமேகலை, சிலப்பதிகாரம் எண்டு கேக்கிறார். அந்தக் காலத்தின்ரை மிகச் சிறந்த ஆசிரியரிட்டை, அவ்வளவு ஆழமாப் படிச்ச மாணவர், ஒண்டையும் படிச்சிருக்கேல்லை.

ஐயரின்ரை குற்றமும் இல்லை, பிள்ளையவர்களின்ரை குற்றமும் இல்லை. அந்த வரிசையில அந்த நூல்களுக்கு இடம் இல்லாமல் போட்டுது. ஆரும் தடை போடேல்லை, ஆரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. ஏழு வருசம் கழிச்சு, 1887இல சிந்தாமணி ஐயர் பதிப்பா வெளிவந்தது எங்கட நல்லகாலம்.

ஆகவே, எங்கட முறையில எல்லைக்கோடு இல்லை, சுதந்திரம் எண்டு துள்ளவும் வேண்டாம். தடம் போடாத இடத்திலயும் ஒரு தடம் தேஞ்சு போய்க் கிடக்கும். அதுக்கு வெளியில என்ன இருக்கு எண்டு அதில நடக்கிறவனுக்குத் தெரியாது.

#11 அரியர்_இல்லாத_எம்எட்

வடமராட்சி ஐயா சொன்னதுக்கு எங்க படிப்பில ஒரு பேரே இருக்கு. அமெரிக்கக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1979ல சொன்னது: பள்ளிக்கூடம் கற்பிக்காம விடுறதும் ஒரு கலைத்திட்டம்தான். பொதிகை சாரோட மடைக்கல்லும் அதே கணக்கு.

பி.எட். தங்கைக்கு: சொல் பிறப்பு ஐரோப்பாவுல, ஆனா கலைத்திட்டம் ஒரு தனித் துறையா ஆனது அமெரிக்காவுல. 1902ல ஜான் டூயி குழந்தையையும் கலைத்திட்டத்தையும் எதிரெதிரா நிறுத்தாதீங்கன்னு எழுதினார். பாடம்ங்கிறது வரைபடம் மாதிரி, முன்னால போனவன் போட்டுக் கொடுத்தது. அது உதவும், ஆனா நடக்கிறது நீதான். எனக்கு இது ஒண்ணே போதும்.

ஆனா ஜெயிச்சது டூயி இல்ல, பாபிட். ஃபிராங்க்ளின் பாபிட், சிகாகோ பல்கலைக்கழகம், 1918. கலைத்திட்டத்துக்குன்னே தனிப் புத்தகம். கரிகுலம்னா பந்தயத் தடம்னு அவரே அதுல லத்தீன் விளக்கம் கொடுக்கிறார். தொழிற்சாலையில ஃபிரெடரிக் டெய்லர்ங்கிற பொறியாளர் கடிகாரம் வெச்சு வேலையை அளந்த காலம் அது. பாபிட் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்: பெரியவங்க என்னென்ன வேலை செய்றாங்கன்னு பட்டியல் போடு, ஒவ்வொண்ணையும் குறிக்கோளா மாத்து, பையனுக்கு அதைப் பழக்கு. இதுல எனக்குச் சிரிப்பு வர்ற இடம், அவர் இளவயசுல பிலிப்பைன்ஸ் போய் அங்க தொடக்கப் பள்ளிக்குப் பாடம் வகுக்கிற குழுவுல இருந்தார். வெறும் பலகை, என்ன வேணா எழுதலாம். அவங்க எழுதினது அமெரிக்கப் புத்தகத்துல இருந்த அதே பாடங்கள். இருந்த வட்டத்துலயே சுத்தினோம்னு பின்னால அவரே ஒத்துக்கிட்டார்.

1949ல ரால்ஃப் டைலர். நாலு கேள்வி: எதுக்காக, எந்த அனுபவம் வழியா, எந்த வரிசையில, நடந்துச்சான்னு எப்படித் தெரியும். இது கட்டாயம் கேள்வித்தாள்ல வரும், மனப்பாடம் பண்ணிக்கோங்க. இதுக்கு மேல வில்லியம் பைனர் 1970கள்ல, பெயர்ச்சொல்லை விடுங்க, வினைச்சொல்லுக்குத் திரும்புங்க, தடத்தைப் பார்க்காம ஓடுறவன் அனுபவத்தைப் பாருங்கன்னு குர்ரெரேன்னே ஒரு முறைக்குப் பேர் வெச்சார். அது சிலபஸ்ல இல்ல. (எழுதிட்டுத்தான் கவனிக்கிறேன், நானும் அதையே சொல்லிட்டேன்.)

#12 மல்லிகைச்சரம்

நான் ஆசிரியை இல்லை, அம்மா. எம்எட் சார், சொல்லிக் கொடுக்காமலே கத்துக்கிறதுக்கும் பேர் இருக்கா? என் பையன் யூ.கே.ஜி. முதல் மாசத்துல அவன் கத்துக்கிட்டு வந்தது மூணு: வரிசையில நிக்கிறது, ஒன்னுக்குப் போகக் கைதூக்கிக் காத்திருக்கிறது, மிஸ் பார்க்கும்போது மட்டும் வாயில விரல் வைக்கிறது. 'அ' மூணு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு.

#13 அரியர்_இல்லாத_எம்எட்

இருக்கு அக்கா, மறைமுகக் கலைத்திட்டம். பிலிப் ஜாக்சன் 1968ல வகுப்பறையில உட்கார்ந்து பார்த்துட்டு எழுதினது இதேதான்: பிள்ளைங்க முதல்ல கத்துக்கிறது கூட்டத்துல இருக்க, காத்திருக்க, அதிகாரம் யார் கையிலன்னு புரிஞ்சுக்க. உங்க பையன் மூணையும் ஒரே மாசத்துல முடிச்சிருக்கான்.

#14 டீக்கடை_பெஞ்சு

யார் எந்தத் தடத்துல ஓடணும்னு முடிவு பண்றது யாரு? அதைப் பேசாம லத்தீன் பேசி என்ன பிரயோசனம்? 1953ல ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில்னு கொண்டுவந்தாரே, அது கலைத்திட்டம் இல்லாம வேற என்ன? எங்க தாத்தா சலவைத் தொழிலாளி. அந்தத் திட்டம் நின்னிருந்தா நான் இப்ப இங்க டைப் அடிச்சிக்கிட்டிருக்க மாட்டேன். 1954ல காமராஜர் வந்து எடுத்தார்.

#15 சங்கப்பலகை

அன்று பள்ளிகளும் போதாது, ஆசிரியர்களும் போதாது. இரண்டு நேரமாகப் பிரித்தால் இரு மடங்கு குழந்தைகள் படிக்கலாம் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#16 டீக்கடை_பெஞ்சு

பள்ளிக்கூடத்துல பாதி நேரம்னு சொன்னது கணக்கு. மீதி நேரம் எங்கன்னு சொன்னதுதான் வினை.

#17 வடமராட்சியான்

பெஞ்சு தம்பி சொல்லுறது சரி. எங்கட பக்கம் 1972 சீர்திருத்தத்திலயும் தொழில்சார் பாடம் வந்தது. ஆனால் எல்லாப் பிள்ளையளுக்கும் பொது, தகப்பன் ஆர் எண்டு கேக்கேல்லை. எங்கட பள்ளிக்கூடத்துப் பின்வளவில வெங்காயப் பாத்தி போட்டம். டொக்டரின்ரை மகனும் இறைச்சான். அப்பவும் சனத்துக்குப் பிடிக்கேல்லை. "வெங்காயம் நட எனக்குத் தெரியும், நீங்கள் இங்கிலீசு படிப்பியுங்கோ" எண்டு ஒரு தோட்டக்காரர் அதிபரிட்டை வந்து நிண்டவர். 1977இல ஆட்சி மாற, அதுவும் போட்டுது. நல்ல எண்ணத்தோட போட்ட தடமாயிருந்தாலும், அது எங்கை கொண்டுபோய் விடும் எண்டுதான் தாய் தகப்பன் பாப்பினம்.

#18 நெறியாளர்

1953 பற்றி மேலும் பேச அரசியல் பகுதியில் இழை உள்ளது. இங்கே வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கிறது.

#19 பிஎட்_படும்பாடு

எழுதிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கேள்வி டைலர்தான்! எம்எட் அண்ணா வாழ்க. இன்னொரு கேள்வி, பாடத்திட்டத்துக்கும் கலைத்திட்டத்துக்கும் வேறுபாடு. அதுக்கு நேரசூசி உதாரணத்தை எழுதினேன், 'கால அட்டவணை'ன்னு மாத்தித்தான். மேடம் அதுக்கு டிக் போட்டிருக்காங்க. கிளாஸ்கோ சான்றிதழ் பத்தி நாலு வரி எழுதினதுக்குச் சிவப்புல ஒரு கேள்விக்குறி. பேப்பர் கொடுக்கும்போது, "இது எங்கே இருந்து எடுத்தே? நல்லாத்தான் இருக்கு, ஆனா யூனிவர்சிட்டி எக்ஸாம்ல எழுதாதே"ன்னாங்க. அஞ்சுக்கு மூணரை. அப்பாகிட்ட பல்கலைக்கழகம் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கலைஞர்னா அப்ப படிச்சவர்னு அர்த்தமா?"ன்னு திருப்பிக் கேட்கிறார். இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

#20 பொதிகைச்சாரல்

நேத்து சனிக்கிழமை அந்தக் குளத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பொண்ணும் அவ தம்பியும் வந்து இடத்தைக் காட்டினாங்க. கல்லு ரெண்டு முழம் இருக்கும். மேல்பக்கம் துவைச்சுத் துவைச்சு வழுவழுன்னு ஆயிருச்சு, அங்க ஒண்ணும் மிச்சமில்ல. பக்கவாட்டுல அஞ்சு வரி தெரியுது. சோப்பு படிஞ்சு வெள்ளையா இருந்ததைத் தம்பி தேங்காய் நாரால தேய்ச்சுக் கொடுத்தான். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது படம் எடுத்தா எழுத்து எடுப்பாத் தெரியுது, அவ சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது.

எனக்கு 'க', 'ன' மாதிரி ரெண்டு மூணு எழுத்துத்தான் பிடிபட்டுச்சு, அதுவும் உறுதியில்ல. படங்களைக் கல்வெட்டுப் பகுதியில தனி இழையாப் போட்டிருக்கேன். வட்டெழுத்து வாசிக்கத் தெரிஞ்சவங்க மூணாவது வரியிலேருந்து பாருங்க, அதுதான் தெளிவா இருக்கு. அந்தப் பொண்ணு இப்ப பத்தாவது. அவ போர்ஷன் முடிய ஜனவரி ஆகும், அதுக்குள்ள யாராவது சொன்னா நல்லது.